சும்மா விளையாடுவேன், அவ்வளவுதான்

திண்டுக்கல்லில் அக்கா வீட்டு மொட்டை மாடி. இரவு ஒன்பதரை. அக்கா மகள் கேரம் பவுடர் டப்பாவைத் திறந்து, இரண்டு கட்டை விரல்களிலும் துளி தொட்டுத் தேய்த்துக்கொள்கிறாள். வியர்த்தால் விரல் திரையில் ஒட்டுமாம். போனை அவள் பிடிக்கிற பிடியே தனி. கட்டை விரல்கள் கீழே, ஆள்காட்டி விரல்கள் வளைந்து மேலே. 'க்ளா' என்கிறார்கள், நண்டு பிடித்த மாதிரி இருக்கிறது. ஓட ஒரு விரல், திரும்பிக் குறிபார்க்க ஒன்று, சுட ஒன்று, ஸ்கோப்பைத் திறக்க ஒன்று. இந்தப் பிடி கைக்கு வர இரண்டு மாதம் ஆனதாம். அந்த இரண்டு மாதமும் தோற்றுக்கொண்டே இருந்தாளாம்.

பி.ஜி.எம்.ஐ. என்ற சுடும் ஆட்டத்தில் அவளுடைய ஸ்குவாடுக்கு அவள்தான் ஐ.ஜி.எல். களத்துக்குள் கட்டளை கொடுக்கிற ஆள். நூறு பேர் விமானத்திலிருந்து குதிக்கிற தீவில் தன் நால்வர் எங்கே இறங்குவது, ஸோன் எனும் ஆட்ட எல்லை சுருங்கும்போது எந்தப் பக்கம் நகர்வது, எந்தச் சண்டையைப் போடாமல் விடுவது, எல்லாம் அவள் வாயிலிருந்து வர வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தில் அவள் அணியின் தேனிப் பையன் அடிபட்டு விழுந்தான். "யாரும் ஓடாதீங்க. முதல்ல ஸ்மோக் போடுங்க. அண்ணா, நீங்க ரிட்ஜ்ல இருந்து கவர் குடுங்க. இப்ப நான் போறேன்." குரல் ஏறவே இல்லை. புகைக்குள் தவழ்ந்து போய் அவனைத் தூக்கி நிறுத்தினாள். கடைசி மூன்று அணிகளில் ஒன்றாக வந்து தோற்றார்கள்.

"நீ பெரிய கேமர்தான்டி" என்றேன்.

"ஐயோ மாமா, நான் கேமர்லாம் இல்ல. சும்மா விளையாடுவேன், அவ்வளவுதான்."

கீழே அறையில் அவள் தம்பி இருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் ஆடினால் அதிகம். அவனுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பெயருக்கு அடுத்த முதல் சொல்லே 'கேமர்'.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2015-ல் இதையே கேட்டுப் பார்த்தது. அந்நாட்டுப் பெரியவர்களில் அப்போது 49 சதவீதம் பேர் வீடியோ கேம் ஆடினார்கள். 'நான் கேமர்' என்று சொன்னவர்களோ 10 சதவீதம்தான். ஆண்களில் 50 சதவீதம், பெண்களில் 48 சதவீதம் என ஆடுவதில் இரு தரப்பும் கிட்டத்தட்டச் சமம். அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வதில்தான் வித்தியாசம்: ஆண்கள் 15, பெண்கள் 6.

ஏன் சொல்லிக்கொள்வதில்லை என்பதற்கு என் மருமகளிடம் பதில் இருக்கிறது. தெரிந்த மூவரோடு ஆடும்போது மட்டும்தான் அவள் மைக்கைத் திறப்பாள். ஆட்டத்துக்கு முன் கூடும் லாபியில் முகம் தெரியாதவர்கள் சேர்ந்துவிட்டால் மூடிவிடுவாள். பெண் குரல் கேட்ட அடுத்த நொடியில் என்ன வரும் என்று அவளுக்குப் பாடம். ஆட்டத்தில் அவள் வைத்திருக்கிற பெயரிலும் பெண் என்று காட்டுகிற எழுத்து ஒன்றுகூட இல்லை. 2021 ஜூனில், நேரலையில் ஆடிக்கொண்டே பெண்களை ஆபாசமாகப் பேசிய ஒரு யூடியூபரைத் தர்மபுரியில் போலீஸ் கைது செய்தது நினைவிருக்கலாம். அந்த வசவைக் காசு கொடுத்துக் கேட்டவர்களும் கேமர் என்ற பெயருக்குள்தான் வருகிறார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தின் பெயரை ஒரு பத்தொன்பது வயதுப் பெண் தன் மேல் ஒட்டிக்கொள்ளத் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது.

தமிழிலும் இந்தப் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை. மைதானத்தில் ஆடினால் விளையாட்டு வீரர், சீட்டு ஆடினால் ஆட்டக்காரர். திரையில் ஆடுகிறவரை நாம் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை, 'எப்பப் பாரு கேம்' என்று புகார் மட்டும் சொன்னோம். ஆடு புலி ஆட்டத்தைக் கோயில் மண்டபத்துக் கல்லில் கீறி வைத்த ஊர் இது. பல்லாங்குழியில் சோழியை எண்ணி எண்ணிக் கணக்குப் பழகிய பாட்டிகள் இருந்த வீடுகள். அதே நம் பேச்சில் 'விளையாட்டுப் பிள்ளை' என்றால் பொறுப்பில்லாதவன். 'இது என்ன விளையாட்டா?' என்றால் வாயை மூடு என்று அர்த்தம். ஆட்டத்தின் மேல் நமக்கு ஆசையும் பயமும் சேர்ந்தே இருக்கின்றன.

அந்தப் பயத்துக்கு வேர் உண்டு. திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆங்கிலத்திலும் 'கேமர்' என்ற சொல் முதலில் குறித்தது சூதாடியைத்தான். நம் காலத்தில் ரம்மி ஆப் நடத்தியவர்கள் தங்களை 'கேமிங் நிறுவனம்' என்று அழைத்துக்கொண்டு அந்தப் பழைய அர்த்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்தி வந்தபோதெல்லாம் 'ஆன்லைன் கேம்' என்றே தலைப்பு போட்டோம். பணம் கட்டி ஆடுகிறவரும், மொட்டை மாடியில் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் கோட்டைத் தெளிவாகக் கிழித்தது: இ-ஸ்போர்ட்ஸ் வேறு, பொழுதுபோக்கு ஆட்டம் வேறு, பணம் கட்டும் ஆட்டம் வேறு, மூன்றாவதற்குத் தடை. தடை பற்றி வாதங்கள் இருக்கலாம். பெயர்களைப் பிரித்து வைத்தது நல்ல காரியம் என்பதே என் எண்ணம்.

பெற்றோரின் மற்ற கவலை, நேரம். அக்காவுக்கும் அதுதான். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 2022-லிருந்து நடப்பில் இருக்கிறது. அதில் மணிக்கணக்கு எதுவும் சொல்லப்படவில்லை. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே பெரிதாகிவிடுவது, கேடு வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது, இவை வழக்கமாக ஓராண்டாவது நீடிப்பது, இவைதான் அடையாளங்கள். அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "இவ பதினொரு மணிக்குப் படுத்துடுவா" என்று தானே சொன்னாள்.

நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால் நார்வேக்காரர் மாட்ஸ் ஸ்டீனைத்தான் முதலில் குறை சொல்ல வேண்டியிருக்கும். தசைகள் சிறுகச் சிறுகச் செயலிழக்கும் டூஷென் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களில் மிஞ்சிய அசைவை வைத்து, கடைசிப் பத்தாண்டுகளில் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்'டில் பல ஆயிரம் மணி நேரம் ஆடினார். 2014-ல் 25 வயதில் இறந்தார். மகனுக்கு நட்பு, காதல் எதுவுமே வாய்க்கவில்லையே என்பதுதான் பெற்றோரின் பெருந்துயரம். அவருடைய வலைப்பூவில் அப்பா மரணச் செய்தியை எழுதினார். உடன் ஆடியவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. நிற்கவில்லை.

ஆட்டத்தில் அவர் பெயர் இபெலின். நெதர்லாந்தில் ஒரு பெண்ணின் கம்ப்யூட்டரைப் பெற்றோர் பிடுங்கி வைத்தபோது, அவர்களுக்கு மாட்ஸ் கடிதம் எழுதியிருக்கிறார். டென்மார்க்கில் ஒரு தாய், ஆட்டிசம் உள்ள மகனோடு நெருங்க முடியாமல் தவித்தபோது, இருவரும் சேர்ந்து ஆடிப் பாருங்கள் என்று வழி சொல்லியிருக்கிறார். தொட்டால் பொறுக்காத அந்த மகன், ஆட்டத்துக்குள் அம்மாவைக் கட்டிப்பிடித்தான். இறுதிச் சடங்குக்கு அவருடைய 'ஸ்டார்லைட்' குழுவினர் வேறு நாடுகளிலிருந்து வந்து நின்றார்கள். 2024-ல் இது ஆவணப்படமாகவும் வந்தது.

கேமர் என்று நான் இவரைச் சொல்வேன். ஆயிரக்கணக்கான மணி நேரத்துக்காகச் சொல்லவில்லை. ஆட்டத்தின் விதிகளுக்குள் நின்று, எதிரே இருப்பது ஒரு மனிதர் என்பதைக் கடைசிவரை மறக்காமல் இருந்தாரே, அதற்காக. விழுந்தவனைத் தூக்கப் புகைக்குள் தவழ்ந்து போனவளையும் அதே பெயரால்தான் கூப்பிட முடியும். பெயரை வேண்டாம் என்கிறாள். விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மாட்ஸின் கதையை அவளிடம் சொன்னபோது அவள் எதுவும் பேசவில்லை. பிறகு வேறொன்றைச் சொன்னாள். போன மழைக்காலத்தில் தேனிப் பையன் நான்கு நாள் ஆன்லைனில் வரவில்லை. ஒன்றரை வருடமாக இரவு தோறும் ஒன்றாக ஆடியவர்கள். தேட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மூவருக்கும் அவனுடைய நிஜப் பெயர் தெரியாது. ஊர் தேனி என்பதைத் தவிர எதுவும் தெரியாது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டு அவனே வந்தான்.

அன்றிரவு அவர்கள் ஆடவில்லை. லாபியில் காத்திருந்தபடியே ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும் வீட்டு போன் நம்பரையும் சொன்னார்கள். அவள் கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றை எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் 'அம்மா' என்று போட்டிருக்கிறாள்.