கிணற்றடியில் தீயணைப்போர்

பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டைப் பக்கமாகவோ செட்டிகுளத்துப் பக்கமாகவோ பயணம் செய்கிறவர்கள், பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மாறி மாறி விளையும் நிலங்களினூடே, பாறையைக் குடைந்து இறக்கிய திறந்த கிணறுகளை வழிநெடுகக் காணலாம். காவிரியின் கால்வாய்கள் எட்டாத மேட்டுப் பிரதேசமாதலால், இங்குள்ள குடியானவர்கள் வானத்தை நம்பியதுபோக மிச்ச நம்பிக்கையையெல்லாம் பூமிக்கடியில் வைத்திருக்கிறார்கள். நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணறும் இறங்குகிறது; அறுபது, எழுபது அடிக்குக் கீழே கடப்பாரை செல்லாத கருங்கல் குறுக்கிடும்போது, துளையிட்டு வெடி வைத்துத் தகர்ப்பதைத் தவிர வேறு மார்க்கம் இருப்பதில்லை.

இத்தகைய பூமியில் அமைந்த தீயணைப்பு நிலையத்தின் தொலைபேசி மணி அடிக்கும்போது, அந்த அழைப்பு தீயைப் பற்றியதாகவே இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. “ஐயா, மாடு கெணத்துல வுழுந்துடுச்சு, கொஞ்சம் சீக்கிரம் வாங்க” என்ற குரல் அங்குள்ளவர்களுக்கு மிகவும் பழக்கமானது. கோடையில் காட்டைவிட்டுத் தண்ணீர் தேடி வரும் புள்ளிமான், இரவில் வரப்புத் தவறிய முதியவர், நீச்சல் பழகப்போய் மூழ்கிய சிறுவன் என்று கிணறு விழுங்கியவற்றை மீட்டெடுக்கும் பணி இவர்களுடைய நாட்களில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கிறது. அரியலூர்ப் பக்கம் சென்றால், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்தபின் கைவிடப்பட்டு மழைநீர் தேங்கி நிற்கும் சுரங்கப் பள்ளங்களும், தெற்கெல்லையாக ஓடும் கொள்ளிடமும் அதே வேலையை வேறு விதத்தில் அளிக்கின்றன.

தீயணைப்போராகச் சேர விரும்பும் இளைஞர், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமத்தின் எழுத்துத் தேர்வில் தேறி, 1,500 மீட்டர் தூரத்தை ஏழு நிமிடங்களுக்குள் ஓடி, கயிறு ஏறி, மருத்துவப் பரிசோதனையிலும் தகுதி பெற்ற பிறகே பயிற்சிக் களத்துக்குள் காலெடுத்து வைக்கிறார். அங்கே அவருக்கு முதலில் போதிக்கப்படுவது சாகசம் என்று யாரேனும் எண்ணினால் அது சரியன்று. ஹோஸ் எனப்படும் குழாயைச் சுருட்டுவதும் விரிப்பதும், ஏணியைத் தூக்கி நிறுத்தி மடக்குவதும், முடிச்சுகளைப் போட்டு அவிழ்ப்பதும் ஆகிய காரியங்களே காலையும் மாலையும், சலிப்புத் தட்டும் அளவுக்கும் அதற்கு அப்பாலும், திரும்பத் திரும்ப நடைபெறுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. அடர்ந்த புகைக்குள் நுழைந்த மனிதனுக்குத் தன் கையே கண்ணுக்குத் தெரியாது. அச்சமும் வெப்பமும் சேர்ந்து புத்தியை மழுக்கும் அந்த நேரத்தில், யோசித்துச் செய்யவேண்டிய காரியம் எதுவும் நடைபெறாது. கை தானாகவே அறிந்த காரியம் மட்டுமே நடைபெறும். நாற்காலி முடிச்சு என்று ஒன்று இருக்கிறது. ஒரே கயிற்றில் இரு வளையங்கள் இட்டு, ஒன்றை அக்குளுக்கடியிலும் மற்றதை முழங்காலுக்கடியிலும் செலுத்தி, நினைவிழந்தவரையும் அமர்ந்த நிலையில் மேலேற்றவும் கீழிறக்கவும் உதவும் முடிச்சு அது. கண்ணை மூடிக்கொண்டு சில வினாடிகளில் அதைப் போடத் தெரியாதவரைக் கிணற்றருகில் நிறுத்துவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

2020 ஜூலை மாதத்தில் பெரம்பலூருக்கு அருகிலுள்ள செல்லியம்பாளையத்தில் நிகழ்ந்த துயரத்தை இம்மாவட்டத்தார் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். வெடி வைத்து ஆழப்படுத்திய கிணறு ஒன்றில் இறங்கிய கிராமத்து இளைஞர் மயங்கி விழுந்தார். அவரை மீட்பதற்காகப் பெரம்பலூர் நிலையத்திலிருந்து வந்த தீயணைப்போர் உள்ளே இறங்கினார்கள். இளைஞரும் மாண்டார், அவரை மீட்கச் சென்றவர்களில் ஒருவரும் மாண்டார், உடன் இறங்கிய சக ஊழியர்களும் விஷவாயுவால் தாக்குண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நெருப்பு என்று ஒரு பொறிகூட இல்லாத இடத்தில், தீயணைப்புத் துறை தன் வீரர் ஒருவரைப் பறிகொடுத்தது.

அந்தக் கிணற்றில் கொன்றது எது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் கிணறு உள்ள ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்கவேண்டிய விஷயம் அது. வெடிமருந்து வெடிக்கும்போது கல் மட்டும் சிதறுவதில்லை. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜனின் ஆக்சைடுகளும் பெருமளவில் உண்டாகின்றன. வெட்டவெளியாக இருந்தால் ஒரு காற்று வீச்சில் அவை கலைந்து போகும். நாற்புறமும் சுவர் சூழ்ந்த ஆழ்குழியிலோ, மேலே எவ்வளவு காற்றடித்தாலும் அடியிலுள்ள காற்று அசைவதில்லை. கற்குவியலின் இடுக்குகளில் தங்கிய வாயு, கல்லை அள்ள அள்ள மெல்லக் கசிந்துகொண்டும் இருக்கும். இவற்றுள் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பிடிப்போடு பிணைந்துகொண்டு, பந்தியில் முந்தி அமர்ந்தவன் எழுந்திருக்க மறுப்பதைப் போல, பிராணவாயுவுக்கு இடம் விடாமல் நின்றுவிடுகிறது. தலை கனப்பதும் கால் தளர்வதும் தெரியும்போதே ஏணியைப் பற்றும் சக்தி கையை விட்டுப் போயிருக்கும்.

கிணற்றில் இறங்குமுன் எரியும் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நம் முன்னோர்களின் இந்த விவேகத்தை நான் மதிக்கிறேன். நெடுநாள் மூடிக்கிடந்த பாழுங்கிணற்றில் கரியமிலவாயு தேங்கிப் பிராணவாயு குறைந்திருந்தால், விளக்கு அணைந்து நம்மை எச்சரிக்கும். ஆனால் வெடி போட்ட கிணற்றில் இந்தச் சோதனையை நம்பி இறங்குவது பேராபத்து. மனிதனைக் கொல்லப் போதுமான அளவு கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும் காற்றிலும் விளக்கு சுடர்விட்டு எரிந்துகொண்டே இருக்கும். சுடரைக் கண்டு தைரியம் கொண்டு இறங்கியவர் மீளமாட்டார். விளக்குச் சுடர் வாயுவைப் பற்றவைத்துவிடும் அபாயமும் சில இடங்களில் உண்டு. வாயுவை அளந்து காட்டும் கருவி ஒன்றையே இவ்விஷயத்தில் நம்பலாம்.

கருவி வந்து சேரும்வரை கிணற்றடியில் நிற்கிற சுற்றத்தாரின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். அண்ணன் உள்ளே விழுந்து கிடக்கிறான்; தம்பி மேலே நிற்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் இல்லை. அந்தத் தருணத்தில் தம்பி குதிப்பதும், தம்பியைத் தேடி மைத்துனன் குதிப்பதும் இயற்கை. இப்படித்தான் ஒரே கிணற்றில், ஒரே கழிவுநீர்த் தொட்டியில், ஒரு குடும்பத்து ஆண்மக்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒருவர்பின் ஒருவராக மடிந்துபோகும் செய்திகள் நம் நாளிதழ்களில் வந்தவண்ணம் இருக்கின்றன. அவர்களுடைய அன்பைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆயினும் அந்நேரத்தில் தம்பியின் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தும் அண்டை வீட்டுக்காரரே அக்குடும்பத்துக்கு மிகப்பெரிய உபகாரம் செய்தவராகிறார் என்பதே என் முடிவு. இறங்காமல் மேலிருந்தபடியே செய்யக்கூடியவை சில உண்டு. தழை நிறைந்த கொம்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலைக்கலாம். தெளிப்பானால் தண்ணீரைத் தூவலாம். காற்றடிக்கும் இயந்திரம் இருந்தால் அதன் குழாயை அடிவரை இறக்கலாம். இவை ஓரளவுக்குப் பயன்படுமே தவிர, இறங்குவதற்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடமாட்டா.

தீயணைப்போர் இறங்கும்போது முதுகில் சுமந்து செல்லும் மூச்சுக்கருவியில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 1,800 லிட்டர் காற்றாகும். நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் கணக்கிட்டால் 45 நிமிடம் வரவேண்டும். ஆனால் பாரம் சுமந்து, பதற்றத்தோடு, நினைவிழந்த உடலைக் கட்டித் தூக்கும் மனிதன் அதைவிட மிக வேகமாக மூச்சு விடுவான். காற்று குறையத் தொடங்கியதும் கருவியில் ஊதல் ஒலிக்கும். ஊதல் ஒலித்தபின் உள்ளே நிற்கும் ஒவ்வொரு நொடியும் திரும்பி ஏறுவதற்கான காற்றிலிருந்து களவாடப்பட்டதாகும். அதனால்தான், இறங்குகிறவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலுள்ளவர் கையில் எப்போதும் இருக்கவேண்டும் என்பதும், இன்னொருவர் அதே கருவியை அணிந்து ஆயத்தமாகக் காத்திருக்கவேண்டும் என்பதும், கயிற்றை இழுக்கும் சமிக்ஞைகளை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்பதும் இத்தொழிலின் அடிப்படைக் கிரமங்களாக வகுக்கப்பட்டிருக்கின்றன. கிணற்றைச் சுற்றி நூறு பேர் கூடி நின்று “இன்னும் ஏன் நிற்கிறீர்கள்?” என்று கூச்சலிடும்போது, கருவியின் பட்டைகளை நிதானமாகச் சரிபார்ப்பதற்கு வேண்டிய மனவுறுதியை வீரத்தில் சேர்க்காமல் வேறெதில் சேர்ப்பது?

காத்து நிற்பதற்கும் ஒரு வீரம் வேண்டும் என்பதை நெருப்பும் உணர்த்துகிறது. 2023 அக்டோபர் 9-ஆம் தேதி அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்தபோது ஒன்பது பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். வெடிபொருள் உள்ள இடத்தில் முதல் வெடிப்பு கடைசி வெடிப்பாக இருப்பது அரிது. ஆகவே எத்தனை தூரத்தில் வண்டியை நிறுத்துவது, எந்தச் சுவரின் மறைவில் நின்று நீரைப் பாய்ச்சுவது என்ற முடிவுகள் நீரைக் காட்டிலும் முக்கியமாகிவிடுகின்றன. 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பலில் பிடித்த தீயை அணைக்கச் சென்ற 66 தீயணைப்போர், அதிலிருந்த வெடிமருந்து வெடித்ததால் ஒரே நாளில் உயிர்நீத்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் அந்நாளை நாடெங்கும் தீத்தொண்டு நாளாக அனுசரிக்கிறார்கள். அந்தக் கப்பலில் வெடிமருந்தோடு பருத்திப் பொதிகளும் ஏற்றப்பட்டிருந்தன. பருத்தி விளையும் பெரம்பலூரில் இருப்பவர்களுக்குப் பஞ்சுத் தீயின் இயல்பை விளக்கவேண்டியதில்லை. மேலே அணைந்துவிட்டதுபோல் தோன்றும் பொதி, உள்ளே கனன்றுகொண்டே இருந்து, ஆட்கள் வீடு திரும்பிய பிறகு மறுபடி பற்றிக்கொள்ளும். பொதியைப் பிரித்து, உள்வரை நனைத்தாலன்றி வேலை முடிந்ததாகாது.

கூரை வீடுகள் நெருங்கிய தெருவில் தீப்பிடித்தால், நன்றாக எரிந்துகொண்டிருக்கும் குடிசையை விட்டுவிட்டு, காற்று வீசும் திசையிலுள்ள அடுத்த குடிசையின் கீற்றைக் கொக்கியால் பிய்த்தெறியச் செல்வதைக் கண்டு ஜனங்கள் கோபிப்பதுண்டு. பற்றிய கூரை சில நிமிடங்களுக்குள் தானே எரிந்து முடியும். காக்கக்கூடியது இன்னும் பற்றாத கூரைதான். கீற்றுக் கொட்டகை எத்தனை வேகமாக எரியும் என்பதற்கு, கொள்ளிடத்துக்கு அக்கரையில் கும்பகோணத்துப் பள்ளியில் 2004 ஜூலை 16-இல் மாண்ட 94 குழந்தைகளைவிட வேறு சாட்சியம் தேடவேண்டியதில்லை.

தண்ணீர் வண்டி சாதாரணமாக 4,500 லிட்டர் கொண்டுவருகிறது. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இந்த அளவு, நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் ஒரே ஒரு குழாய்முனை வழியாகப் பாய்ந்தால் பத்தே நிமிடத்தில் தீர்ந்துபோகும். கரும்புத் தோட்டமோ மக்காச்சோளத் தட்டைப் போரோ எரியும்போது பத்து நிமிட நீர் எம்மாத்திரம்? அப்போது பக்கத்து வயற்காரர் தம் மோட்டாரை இயக்கி வண்டியை நிரப்பிக்கொடுத்தால்தான் காரியம் நடக்கும். மனிதரை விழுங்கும் அதே கிணறுகளே அந்நேரத்தில் ஊரைக் காக்கும் நீரையும் அளிக்கின்றன.

அழைப்பு வராத நேரம் ஓய்வு நேரம் என்று கொள்வதற்கில்லை. காலையில் அணிவகுப்பு, வண்டியின் இயந்திரத்தையும் பம்பையும் இயக்கிப் பார்த்தல், நனைந்த குழாய்களை உலர்த்தல், உருளைகளின் அழுத்தத்தைக் குறித்தல் ஆகிய காரியங்கள் முடிவதற்குள் வீட்டுக்குள் பாம்பு புகுந்ததாக ஓர் அழைப்பு வரும். பனைமரத்தில் கதண்டு கூடு கட்டியிருப்பதாக இன்னோர் அழைப்பு வரும். கதண்டை இலேசாக எண்ணலாகாது. கூட்டமாகக் கொட்டினால் ஆளையே கொன்றுவிடும் பூச்சி அது. அவை கூட்டில் அடங்கும் இரவு நேரம் பார்த்துச் சென்று அழிக்கிறார்கள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரை ஊடறுத்துச் செல்வதால், நசுங்கிய காருக்குள்ளிருந்து மனிதரை வெட்டி வெளியேற்றவேண்டிய நள்ளிரவுகளும் உண்டு. தீபாவளியன்று ஊரெல்லாம் குடும்பத்தோடு இருக்கும்போது இவர்கள் நிலையத்தில் இருந்தாகவேண்டும் என்பதை நினைக்கையில், இவர்களுடைய மனைவி மக்களும் இத்தொண்டில் பங்கு செலுத்துகிறவர்களாகவே எனக்குத் தோன்றுகிறது.

அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் மக்காச்சோளத்தைப் பாதி அகலத்துக்குப் பரப்பி உலர்த்தும் வழக்கம் இப்பகுதியில் இருக்கிறது. களம் இல்லாத குடியானவர் வேறென்ன செய்வார் என்பது நியாயமான கேள்வியே. என்றாலும் பெரிய வண்டி ஒன்று கடந்து செல்லும் வழியை விட்டுவைப்பது அவரவர் ஊருக்கே நன்மை. 101 என்ற எண்ணிலோ 112 என்ற எண்ணிலோ அழைக்கிறவர், பதற்றத்தில் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடாமல், எந்த ஒன்றியம், எந்தச் சாலையில் திரும்பவேண்டும், அருகில் கோயிலோ பள்ளியோ உண்டா என்பதைச் சொல்லி, திருப்பத்தில் ஓர் ஆளையும் நிறுத்தவேண்டும். கிணற்று விபத்தாயின் ஆழம் எவ்வளவு, தண்ணீர் இருக்கிறதா, உள்ளே எத்தனை பேர், வெடி போட்ட கிணறா, போட்டது எப்போது என்ற விவரங்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எத்தனை மூச்சுக்கருவிகளை வண்டியில் ஏற்றுவது என்பதை, நிலையத்தில் இருப்பவர்கள் அந்தப் பதிலைக் கேட்டே தீர்மானிக்கிறார்கள்.