குரல் வால்வில் குடியேறும் பூஞ்சை

தொண்டைப் புற்றுநோய் முற்றியதால் குரல்வளையை முழுமையாக அகற்ற நேர்ந்தவர்களை மீண்டும் பேசவைப்பது ஒரு சிறிய சிலிகோன் வால்வு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள சுவரில் துளையிட்டு இதைப் பொருத்துகிறார்கள். கழுத்திலுள்ள மூச்சுத்துளையை விரலால் மூடிக்கொண்டு மூச்சை விட்டால், காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் புகும். அங்குள்ள தசை அதிர்ந்து குரல் பிறக்கும். அமெரிக்காவின் மார்க் சிங்கரும் எரிக் பிளாமும் 1980இல் வெளியிட்ட முறை இது.

இப்படித் திரும்பக் கிடைத்த பேச்சுக்குப் பெரிய எதிரி, பூஞ்சை.

இந்த வால்வு காற்றை உள்ளே விடும். உணவையும் நீரையும் மூச்சுக்குழாய்க்குத் திரும்ப விடாது. ஆனால், உணவுக்குழாய்ப் பக்கம் இருக்கும் அதன் மூடிக்கு உடற்சூடும் ஈரமும் உணவின் சர்க்கரையும் எந்நேரமும் கிடைக்கின்றன. நம் வாயில் சாதாரணமாகவே வாழும் கேன்டிடா பூஞ்சை அங்கே வந்து ஒட்டுகிறது. கழற்றி எடுத்த பழைய வால்வுகளில் மூடியின் விளிம்பு நெளிந்திருக்கும். அதன்மேல் வெளிர்மஞ்சள் திட்டுகள் படிந்திருக்கும். குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், பூஞ்சை சிலிகோனுக்குள்ளேயே ஊடுருவியிருப்பது தெரியும். பிறகு மூடி சரியாக மூடாது. குடிக்கும் தேநீர் மூச்சுக்குழாயில் கசியும், இருமல் வரும், கசிவது நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவும் வரலாம். பலருக்குச் சில மாதங்களிலேயே புது வால்வு மாற்ற வேண்டியிருக்கிறது.

மருந்து கொடுத்துக் கொல்லலாமே? அங்குதான் சிக்கல். ஒட்டிய கேன்டிடா செல்கள் பெருகி, நீண்ட இழைகளை விட்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. இதுவே உயிர்ப்படலம். ஆய்வகத்தில் ஓரிரு நாட்களிலேயே இது முதிர்ந்துவிடுகிறது. பசையிலுள்ள குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி, ஃப்ளுகோனசோல் போன்ற மருந்தைச் செல்லை எட்டவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. தனியாக மிதக்கும் கேன்டிடாவை அடக்கும் அளவைப் போல் பல நூறு மடங்கு கொடுத்தாலும் படலம் அசைவதில்லை.

ஆகவே, பூஞ்சையை ஒட்டவே விடாமல் தடுப்பதுதான் வழி. வால்வை நோயாளியே தினமும் சிறு தூரிகையால் சுத்தம் செய்வது முதல் படி. அடுத்தது, பொருளையே மாற்றுவது. பூஞ்சை ஊடுருவ முடியாத ஃப்ளூரின் பிளாஸ்டிக்கில் மூடியும், அதை இறுக்கிப் பிடிக்கச் சிறு காந்தங்களும் கொண்ட வால்வுகள் இன்று கிடைக்கின்றன. வெள்ளி ஆக்சைடு கலந்த மூடிகளும் உண்டு. விலைதான் கூடுதல்.

நெதர்லாந்தில் இன்னொரு வழி தென்பட்டது. மோர் குடித்தால் வால்வு கூடுதல் நாள் உழைக்கிறது என்று அங்குள்ள நோயாளிகள் தங்களுக்குள் சொல்லிவந்தார்கள். குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் பஸ்ஷர் குழுவினர் அதைப் பொருட்படுத்தி, ஆய்வகச் செயற்கைத் தொண்டையில் வால்வுகளைப் பொருத்தி மோரைச் செலுத்திப் பார்த்தனர். படலம் குறைந்தது. பாலைப் புளிக்கவைக்கும் சில பாக்டீரியாக்கள் சோப்புத் தன்மையுள்ள பொருள்களைச் சுரப்பதும், அவை சிலிகோனில் கிருமிகள் ஒட்டுவதைக் குறைப்பதும் ஆய்வுகளில் தெரிந்தன. சிகிச்சைக்கு மாற்றாக மோரை நம்ப இது போதாது. நோயாளிகளின் பேச்சில் ஆராயத் தக்க அறிவு இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இதே கேன்டிடா, தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய ரத்தநாளத்தில் செருகிய குழாயில் படிந்தால் உயிருக்கே ஆபத்து. படலத்திலிருந்து பிரியும் செல்கள் நேரே ரத்தத்தில் கலக்கின்றன. அதனால்தான் அந்தக் குழாயைக் கூடிய விரைவில் அகற்றும்படி மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்து எளிய விதிகளைக் கடைப்பிடித்தன: கை கழுவுதல், குழாய் செருகும்போது முழுப் பாதுகாப்பு உடை, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், தொடை இடுக்கைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை அகற்றுதல். குழாய்வழி ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006இல் அறிவித்தார்கள். பாக்டீரியா, பூஞ்சை இரண்டும் சேர்ந்த கணக்கு இது.

புதுப் பிளாஸ்டிக் எல்லா மருத்துவமனைக்கும் வந்துசேரக் காலமாகும். கை கழுவுவதற்கும், “இந்தக் குழாய் இன்றும் தேவையா?” என்று தினமும் கேட்பதற்கும் எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவர் கேட்க மறந்தால், நோயாளியின் உறவினர் கேட்கலாம். கேட்கத் தயங்கக் கூடாது.