கோப்பையில் பெய்த மழை

பள்ளியில் ஒரு இசை நாடகம் போடலாம் என்று யாராவது வாயெடுத்தால், அடுத்த பேச்சு பணத்தில்தான் போய் நிற்கிறது. மேடைக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு, ஸ்பான்சர் கிடைப்பாரா? கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள், சின்ன ஊர் ஒன்றில் எல்லாரும் சேர்ந்து போட்ட நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் சஃபோக் கடற்கரையை ஒட்டி ஆர்ஃபோர்ட் என்று ஓர் ஊர். 1958 ஜூன் 18 அன்று அங்குள்ள தேவாலயத்தில் பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்த நோவாவின் வெள்ளக் கதை அரங்கேறியது. ஒரு மணி நேரம்கூட ஓடாத நாடகம். கதை வேதாகமத்தில் இருந்து வந்தாலும் சிரிப்புக்குக் குறைவில்லை. ஊரே முழுகப் போகிறது, நோவாவின் மனைவியோ தோழிமாரோடு குடித்துக்கொண்டு, நோவா கட்டிய பேழைக் கப்பலில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். மகன்கள் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் உள்ளே விடுகிறார்கள். ஏறியதும் கணவனுக்கு ஓர் அறை விடுகிறாள்!

வசனம் செஸ்டர் நகரத்தின் பழைய தெரு நாடகத்திலிருந்து எடுத்தது. அந்த ஊரில் ஒவ்வொரு தொழில் செய்வோரும் ஒரு வேதாகமக் கதையைப் பொறுப்பேற்று, வண்டியையே மேடையாக்கித் தெருத் தெருவாக நடத்துவார்கள். வெள்ளக் கதை யார் பங்கு தெரியுமா? அங்கே ஓடும் டீ என்ற ஆற்றில் தண்ணீர் மொண்டு ஊருக்குக் கொண்டுவந்து ஊற்றியவர்களுடையது. பொருத்தமான ஆட்களிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பிரிட்டனிடம் நாம் கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கையில் இருக்கும் பிள்ளைகள் யார் யார், யாருக்கு எவ்வளவு வரும் என்று பார்த்து, அதற்கேற்ப இசையை எழுதினார். நோவா, அவர் மனைவி, வாத்தியக்காரர்களில் சிலர் என்று ஒரு கைப்பிடி ஆட்கள் மட்டுமே தொழில்முறைக் கலைஞர்கள். மற்றதெல்லாம் பிள்ளைகள். வயலினை மூன்று தரமாகப் பிரித்தார். ஓரளவு தேறியவர்களுக்கு ஒரு பகுதி, நடுத்தரத்துக்கு ஒன்று. மூன்றாவதோ வில்லைப் பிடிக்க இப்போதுதான் பழகிய குழந்தைக்கு: பெரும்பாலும் விரல் வைக்காமல் வெறும் தந்தியை இழுத்தால் போதும். அந்தக் குழந்தை சும்மா ஒப்புக்கு உட்கார்ந்திருக்கவில்லை. அது வாசிக்காவிட்டால் இசையில் ஓர் ஓட்டை விழும். எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விலங்குகள் ஜோடி ஜோடியாகப் பேழைக்குள் ஏறும்போது பியூகிள் ஊதுவதும் பையன்களே. வானவில் தோன்றும்போது கைமணிகள் ஒலிக்கும்.

மழைத்துளி விழும் சத்தத்துக்கு என்ன செய்வது? பிரிட்டனின் உதவியாளர் இமோஜன் ஹோல்ஸ்ட் போர்க்காலத்தில் மாதர் சங்கப் பெண்களுக்குத் தாளவாத்தியம் சொல்லிக்கொடுத்தவர். அவர் பிரிட்டனைத் தன் சமையலறைக்கு அழைத்துப்போய், ஒரு கயிற்றில் பீங்கான் கோப்பைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் தட்டிக் காட்டினார். நம் ஜலதரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம், தண்ணீர்தான் இல்லை. கோப்பைகளின் அளவு மாற மாற ஓசையும் மாறும். புயல் காட்சி அந்தக் கோப்பைகளின் டொக் டொக்கில் ஆரம்பிக்கிறது. பிறகு காற்று, இடி, அலை என்று ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் பேழைக்குள் இருப்பவர்கள் கடலில் போகிறவர்களுக்கான ஒரு கீர்த்தனையை எடுக்கிறார்கள். அடுத்த சரணத்தில் பார்க்க வந்த கூட்டமும் எழுந்து சேர்ந்து பாடுகிறது. எல்லாருக்கும் சிறு வயதிலிருந்தே தெரிந்த பாட்டு என்பதால் ஒத்திகையே தேவையில்லை. ஊர் ஒத்துழைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

தேவாலயத்திலோ பெரிய கூடத்திலோ நடத்துங்கள், தியேட்டரில் வேண்டாம் என்று பிரிட்டன் குறிப்பே எழுதி வைத்தார். வாத்தியக்காரர்களை மறைக்கவும் கூடாது. தன் பிள்ளை எங்கே உட்கார்ந்து எதைத் தட்டுகிறது என்று அம்மா பார்க்க முடிய வேண்டாமா? அமெரிக்க இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் சிறுவனாக இருந்தபோது இந்த நோவா நாடகத்தில் நடித்தவர். 2012இல் வந்த ‘மூன்ரைஸ் கிங்டம்’ படத்தில் அதற்கு முக்கியமான இடம் கொடுத்தார்.

நம் ஆண்டு விழாக்களில் சினிமாப் பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, நன்றாக ஆடும் பத்துப் பேரை மட்டும் முன்னால் நிறுத்துகிறோம். மீதிப் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. கதையைத் தேடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளைக்கு விசில் வரும், யார் வீட்டில் தவில் இருக்கிறது, எந்தப் பாட்டிக்குத் தாலாட்டு தெரியும், தெருமுனைத் தச்சர் மாலையில் ஒரு மணி நேரம் தருவாரா என்று கேட்டுக் கேட்டு எழுதுங்கள். அதைப் பார்த்துக்கொண்டு கதையைப் பிடியுங்கள். ஒத்திகையை ஒரே கூட்டமாக வைக்காமல் குழுக் குழுவாக நடத்துங்கள். கடைசி வாரத்தில் சேர்த்தால் போதும். பெற்றோர் பாட வேண்டிய பாட்டை மட்டும் அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடுங்கள்.