காருக்குள் கார்பன் ஃபைபர் ஸ்டிக்கர்: எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டவே கூடாது?

கோவையிலிருந்து வாளையார் தாண்டி பாலக்காடு. கம்பத்திலிருந்து மலையேறி குமுளி. இந்தப் பாதைகளில் அடிக்கடி கார் ஓட்டுபவரா நீங்கள்? காரின் உள்பக்கத்தை கார்பன் ஃபைபர் லுக்குக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், முதலில் இதைப் படியுங்கள்.

இது நிஜ கார்பன் ஃபைபரா?

இல்லை. நிஜ கார்பன் ஃபைபர் என்பது கார்பன் இழைகளை நெய்து, ரெசினில் இறுக்கிய பொருள். கடையில் ஒட்டித் தருவது அந்த நெசவு போலத் தோன்றும் வினைல், அதாவது பிவிசி ஃபிலிம். பின்பக்கம் பசை இருக்கும். பிடிக்கவில்லை என்றால் லேசாகச் சூடாக்கி உரித்துவிடலாம். அதுதான் இதன் பெரிய பிளஸ்.

ஒரே வருஷத்தில் ஏன் உரிகிறது?

வினைலில் இரண்டு ரகம். 'காஸ்ட்' ரகம் மெல்லியது, வளைவுகளில் படியும், எளிதில் சுருங்காது. 'கேலண்டர்டு' ரகம் விலை குறைவு. ஆனால் சூடு பட்டால் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். ஓரங்கள் தூக்குவது அதனால்தான்.

சூடு எவ்வளவு? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கடும் கோடையில் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பாலக்காட்டிலும் 2024 ஏப்ரலில் வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டியது. ஆக, அங்கே கார் வெயிலில் நிற்கும் என்றால் 'காஸ்ட்' ரகமே நல்லது.

இடுக்கி மலைப்பகுதியில் பிரச்சினை வேறு: ஈரமும் குளிரும். குளிரில் ஃபிலிம் விறைக்கும், பசை சரியாகப் பிடிக்காது. மழைக்காலத்தில் திறந்தவெளியில் ஒட்டாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். டாஷ்போர்டு பாலிஷ் போட்ட இடத்தில், அதை முழுசாக நீக்காவிட்டால் எந்த ஃபிலிமும் நிற்காது.

எங்கே ஒட்டலாம்?

வழவழப்பான, கெட்டியான பிளாஸ்டிக்கில்: கியர் லீவரைச் சுற்றிய பேனல், பவர் விண்டோ சுவிட்ச் பேனல், கதவின் அலங்காரப் பட்டை. சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. டாஷ்போர்டின் மேல்தளத்தில் பளபளப்பான ஃபிலிம் வேண்டாம். அது முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். கொண்டை ஊசி வளைவில் திடீரென வெயில் முகத்தில் அடிக்கும்போது அது ஆபத்து.

ஒட்டவே கூடாத இடம் எது?

ஏர்பேக் மூடி. ஸ்டியரிங் நடுவிலும், பக்கத்து இருக்கைக்கு எதிரே டாஷ்போர்டிலும் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று எழுதியிருக்கும். விபத்தில் அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து, சில பத்து மில்லி விநாடிகளில் பை விரிய வேண்டும். அதன் மேல் நன்றாக இழுபடும் ஒரு ஃபிலிமை ஒட்டினால், பை விரிவது தாமதமாகலாம், திசை மாறலாம். "சின்னத் துண்டுதானே சார்" என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேனலைக் கழற்றும்போது ஏர்பேக் ஒயரில் கை வைக்கவும் விடாதீர்கள்.

போலீஸ் பிடிப்பார்களா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

உள்ளே இருக்கும் அலங்காரப் பேனலின் நிறம் ஆர்சியில் வராது. வெளிப்புற நிறம் வரும். அதனால் அதே ஃபிலிமை பானெட் முழுக்க ஒட்டும் ஆசை வந்தால், முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒட்டக் கொடுக்கும் முன் கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது 'காஸ்ட்' ஃபிலிமா? இந்த காரில் ஏர்பேக் எங்கெங்கே இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், வேறு கடை பாருங்கள்.