மாறும் தில்லி புறநகரங்கள்: போதையிலிருந்து மீள்வோருக்கு அருகிலேயே தேவை துணை

புது தில்லி: மது, ஹெராயின் போன்ற போதைப் பழக்கங்களிலிருந்து விடுபட மருத்துவமனையில் தங்க வேண்டிய காலம் சில வாரங்களே. மீண்டும் அப் பழக்கத்துக்குத் திரும்பாமல் இருப்பதற்கான போராட்டமோ பல ஆண்டுகள் நீடிக்கிறது. அந்த நீண்ட காலத்துக்குத் தேவையான துணை, வேகமாக உருமாறி வரும் தில்லி புறநகரங்களில் வீட்டுக்கு அருகிலேயே கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக "எய்ம்ஸ்' மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2019-ம் ஆண்டு வெளியாயின. மதுவால் ஏற்பட்ட பாதிப்பிலிருந்து மீள சுமார் 5.7 கோடி பேருக்கும், ஹெராயின், அபின் வகைகளின் பாதிப்பிலிருந்து மீள சுமார் 77 லட்சம் பேருக்கும் உதவி தேவைப்படுவதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆனால், மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகை சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தார். மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர் மட்டுமே.

நடந்து செல்லும் தூரம்: தில்லியில் 1988-ல் தொடங்கப்பட்ட இந்த மையம், 2003-ல் அண்டை நகரமான காஜியாபாதுக்கு மாறியது. எனினும், 1970-களில் குடிசைகள் அகற்றப்பட்டோருக்காக உருவான கிழக்கு தில்லியின் திரிலோக்புரியிலும், வடகிழக்கே சுந்தர் நகரியிலும் மக்கள் வாழும் பகுதிக்குள்ளேயே சிகிச்சை நிலையங்களை அது ஏற்படுத்தியது.

இதற்குக் காரணம் உண்டு. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கு "புப்ரினார்ஃபின்' மாத்திரை நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கத் தரப்படுகிறது. தொடக்கத்தில் இதனை அன்றாடம் ஊழியர் முன்னிலையில் உட்கொள்வது வழக்கம். தினக்கூலித் தொழிலாளி ஒருவர் இதற்காக இரண்டு பஸ் மாறிச் செல்ல வேண்டுமானால், கூலியை இழப்பார் அல்லது மருந்தைக் கைவிடுவார்.

வாயிலில் கேட்கும் கேள்வி: காஜியாபாதில் 2019-ல் மெட்ரோ ரயில் நீட்டிப்பும், 2023-ல் "நமோ பாரத்' விரைவு ரயிலும் வந்தன. அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்து வாடகை உயரும் இடங்களில், ஏழைக் குடும்பங்கள் இன்னும் தொலைவுக்கு நகர்கின்றன. சிகிச்சை நிலையமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

புதிய குடியிருப்புகளில் பிரச்னை வேறு. அங்கு குடிப் பழக்கம் மூடிய கதவுக்குள் மறைக்கப்படுகிறது. "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' போன்ற குழுக்கள் கட்டணம் வாங்குவதில்லை, முழுப் பெயரையும் கேட்பதில்லை. ஆனால், காவலாளி பெயர், செல்பேசி எண், வந்த நோக்கம் என அனைத்தையும் பதிவு செய்யும் வாயிலைக் கடந்து, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் எப்படிக் கூட்டத்துக்கு வருவார்?

மறுவாழ்வு இல்லம் அமைக்க வீடு கேட்டால் அக்கம்பக்கத்தினர் அஞ்சுகின்றனர். பதிவு பெறாத சில இல்லங்களில் நோயாளிகளைப் பூட்டி வைத்துத் துன்புறுத்திய சம்பவங்கள் உண்டு என்பதால், இந்த அச்சத்தை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?: நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள்களால் ஏற்படும் மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. பாதிக்கப்பட்டோர் சமூகத்திலிருந்து ஒதுக்கப்படாமல் வாழும் உரிமையை அதன் 19-வது பிரிவு உறுதி செய்கிறது. சிகிச்சை இல்லங்கள் பதிவு பெறுவதையும் அச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது.

1985-ம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்திலும் ஒரு சலுகை உண்டு. சிறிய அளவு போதைப் பொருள் தொடர்பான வழக்கில் சிக்கிய அடிமை ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தாமாகவே சிகிச்சை பெற்றால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெறலாம் என்கிறது 64-ஏ பிரிவு. சிகிச்சையை முழுமையாகப் பெறாவிட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். அதாவது, சிகிச்சை பாதியில் அறுந்தால் இழப்பு உடல் நலம் மட்டுமல்ல. சிறைக் கதவும் மீண்டும் திறக்கக்கூடும்.

மூன்று அரசுகள்: பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. தலைநகரைச் சுற்றிய குடியிருப்புகளோ தில்லி, உத்தரப் பிரதேசம், ஹரியாணா ஆகிய மூன்று அரசுகளின் எல்லைக்குள் அடங்கியவை. தில்லியில் சிகிச்சை பெறுபவர் எல்லை தாண்டிக் குடிபெயர்ந்தால், மறுநாளே புதிய இடத்தில் மருந்து கிடைக்க வழி வேண்டும்.

போதையில்லா இந்தியா இயக்கத்தை மத்திய அரசு 2020 ஆகஸ்ட் 15-ல் 272 மாவட்டங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் விரிவாக்கியது. விழிப்புணர்வுப் பேரணிகளும் உறுதிமொழிகளும் தேவையே. ஆனால், திருந்த விரும்பி வருபவருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அறையும், மாலைக் கூட்டத்துக்கு ஒரு பள்ளி வகுப்பறையும் கிடைத்தால்தான் அந்த உறுதிமொழி நிலைக்கும். புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி தரும்போது சாலை, குடிநீருடன் இதற்கும் இடம் ஒதுக்குவது அரசுகளுக்குப் பெரும் செலவாகிவிடாது.