கை நனைத்தல்

வந்தவரைச் சாப்பிடச் சொல்ல, "கை நனைச்சுட்டுப் போங்க" என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாப்பாட்டுக்கு முன் நாங்கள் செய்ததும் அதேதான். நனைத்தோம், கழுவவில்லை.

ஆச்சி வீட்டுப் புறவாசலில் கல்தொட்டி, பக்கத்தில் சிரட்டை நிறைய அடுப்புச் சாம்பல். தாத்தா வயலிலிருந்து வந்தால் ஆச்சி செம்பில் மொண்டு ஊற்றுவாள்; அவர் முழங்கை வரை சாம்பல் போட்டுத் தேய்ப்பார். அழுக்குக் கை செம்பில் படவே படாது. பிள்ளைகள் எங்களுக்கோ நாலு விரல் ஈரமானால் போதும். சாப்பிட்ட பின்தான் நிஜக் கழுவல். மீன்குழம்பு வாடை போக வேண்டுமே!

வாடையை நம்பித்தான் வியன்னாவிலும் கதை தொடங்கியது. 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்துப் பிரசவ வார்டுக்கு வருபவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். பிண வாடையைப் போக்குகிறதே என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். கிருமி பற்றி அன்று யாருக்கும் தெளிவில்லை. தாய்மார் சாவு மளமளவென்று குறைந்தது. சக மருத்துவர்கள் பலர் அப்போதும் ஏற்கவில்லை.

இன்று கல்யாண மண்டபத்தில் வரிசையாக வாஷ்பேசின். பந்தி முடிந்ததும் அங்கே நெரிசல். பந்திக்கு முன் ஈ காக்கை இல்லை. அழுக்குக் கையால் திறந்த குழாயைக் கழுவிய கையாலேயே மூடுகிறோம். செம்பில் இந்த வம்பு இல்லை. 2020இல் கடைக்குக் கடை வாளியும் சோப்பும் வைத்து, இருபது வினாடி எண்ணித் தேய்த்தோம். கொரோனாவுக்குக் கொழுப்பு உறை. சோப்பு அதைக் கரைத்துவிடும். வாந்தி பேதி தரும் நோரோ வைரஸுக்கு அந்த உறை கிடையாது, சானிடைசருக்கும் அவ்வளவாக மசியாது. தேய்த்துத் தண்ணீரில் ஓடவிட்டால்தான் போகும்.

அன்று கோழி அடிப்பது விருந்தாளி வந்தால் மட்டும். ஆய்வதும் அலசுவதும் புறவாசலோடு சரி. இப்போது வாராவாரம் பிராய்லர், எல்லாம் சமையலறை சிங்க்கில். போன ஞாயிறு மசாலா பிரட்டிய கையோடு உப்பு ஜாடியைத் திறக்கப் போனேன்.

"அப்பா, கை!" என்றாள் மகள்.

குழாய்ப் பக்கம் திரும்பினேன்.

"அதையும் தொடாதீங்க. இருங்க, நான் திறந்துவிடுறேன்."

இரு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.