எஞ்சினுக்கு நாடி பார்க்கும் கருவி

பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள் சொந்த மோட்டார் வண்டி வைத்திருப்போரும், வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்போரும் பலர் உண்டு. இழுவை குறைந்து புகை கக்கும் வண்டியைப் பணிமனைக்குக் கொண்டு சென்றால், "எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்ற தீர்ப்பையே பெரும்பாலும் கேட்கிறோம். அவ்வூர் மொழி முழுவதும் கைவராத நிலையில், ஏன், எதற்கு என்று வினவவும் தயங்குகிறோம். பிரித்த எஞ்சினை மீண்டும் பூட்டுவதற்குள் கையிருப்புக் கரைந்துவிடுகிறது. பிரிப்பதற்கு முன்னரே கோளாறு எவ்விடத்தில் என்று காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதனை இங்கு காண்போம்.

எஞ்சினின் ஆற்றல் பிறப்பது சிலிண்டரில். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து அழுத்த, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் அது எரிகிறது. அழுத்தம் வெளியேறாமல் காப்பவை மூன்று: பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள், மேலே உள்ள வால்வுகள், சிலிண்டரின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் எஞ்சின் சோர்ந்துவிடும்.

வழக்கமான அழுத்தச் சோதனையில், ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றி, எழும் அழுத்தத்தை மானியில் பார்ப்பர். பாட்டரி தளர்ந்திருந்தால் அக்கணக்குப் பிழைபடும். அழுத்தம் குறைந்தது என்று காட்டுமேயன்றி எவ்வழியே குறைந்தது என்று காட்டாது. கசிவுச் சோதனை இதற்கு நேர்மாறானது. எஞ்சினை நிறுத்திவைத்து, வெளியிலிருந்து நாமே காற்றைச் செலுத்தி, அது எங்கே கசிகிறது என்று ஆராய்வது.

இதற்கான கருவியில் இரண்டு அழுத்தமானிகளும், அவற்றிடையே ஊசித் துளை போன்ற சிறு வழியும் உள்ளன. முதல் மானி உட்செலுத்தும் காற்றின் அழுத்தத்தையும், இரண்டாவது சிலிண்டரில் நிற்கும் அழுத்தத்தையும் காட்டும். கசிவே இல்லையெனில் இரண்டும் ஒன்றாக நிற்கும். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு செலுத்தி, இரண்டாவது மானி 85 காட்டினால், கசிவு நூற்றுக்கு 15 என்று கொள்ளலாம். பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானங்களிலும் இம்முறையையே கையாளுகின்றனர். அங்கே 80 பவுண்டு செலுத்துவது வழக்கம்.

சோதனைக்கு முன் எஞ்சினைச் சிறிது ஓட்டிச் சூடேற்ற வேண்டும். பிறகு பிளக்குகளைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கிராங்க் தண்டைக் கையால் திருப்ப, காற்று விரலைத் தள்ளும். பிஸ்டன் அழுத்தவாறு மேலெழுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்த பின்னரே காற்றைச் செலுத்த வேண்டும். மூன்று அங்குல விட்டமுள்ள பிஸ்டன் மீது 100 பவுண்டு அழுத்தம் ஏறக்குறைய 320 கிலோ எடையாக இறங்கும். உச்சியிலிருந்து சற்றே விலகியிருந்தாலும் தண்டு திடீரெனச் சுழலக்கூடும். ஆதலின் ஸ்பானரைத் தண்டில் விட்டுவைத்தலாகாது; கையையும் விசிறியருகே வைத்தலாகாது.

இனிச் செவிக்கு வேலை. காற்று வடிகட்டியைக் கழற்றிய வாயில் "உஸ்" என்னும் ஒலி எழுந்தால், உள்ளிழுக்கும் வால்வு கசிகிறது. சைலன்சர் குழாயில் கேட்டால், வெளியேற்றும் வால்வு. எண்ணெய் ஊற்றும் துளையில் கேட்டால், வளையங்களோ சிலிண்டர் சுவரோ தேய்ந்துள்ளன. ரேடியேட்டர் நீரில் குமிழிகள் எழுந்தால், ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கும். அல்லது தலைப்பகுதியில் விரிசல் இருக்கும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது ஆபத்து. சூடு அடங்கிய பின்னரே திறக்க வேண்டும். அடுத்த சிலிண்டரின் பிளக் துளையில் காற்று வந்தால், இரண்டுக்கும் இடையே கேஸ்கட் கிழிந்துள்ளது.

பொதுவாக நூற்றுக்கு 10 வரை கசிவது நன்னிலை. 20 வரை பொறுக்கலாம். 30ஐத் தாண்டினால் பழுது பார்த்தே தீர வேண்டும். வளையங்களின் இடைவெளி வழியே சிறிதேனும் கசியுமாதலால், கசிவே இல்லாத எஞ்சின் இல்லை. கருவிக்குக் கருவி துளை வேறுபடுவதால், எண்ணைக் காட்டிலும் சிலிண்டர்களிடையே காணும் வேற்றுமையே சிறந்த சான்று. மூன்று சிலிண்டர்கள் 8 காட்ட, நான்காவது 40 காட்டினால், நோய் அங்கேதான். வால்வில் ஒட்டிய கரித்துணுக்கும் சிலவேளை பொய்க் கசிவைக் காட்டுமாதலால், எஞ்சினைச் சிறிது ஓட்டி மறுமுறையும் சோதித்தல் நலம்.

இவ்வேறுபாடு செலவையும் வேறுபடுத்தும். வால்வு கசிந்தால், அதன் இடைவெளியைச் சரிசெய்வதே சிலவேளை போதும். இல்லையேல் தலைப்பகுதியை மட்டும் கழற்றினால் போதும். கேஸ்கட் பழுதுக்கும் பெரும்பாலும் அவ்வளவே. வளையமும் சுவரும் தேய்ந்திருந்தால் மட்டுமே எஞ்சினை முழுதும் பிரிக்கும் தேவை எழுகிறது. பெட்ரோலுக்கென அமைந்த எஞ்சினை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றி ஓட்டும்போது வால்வு இருக்கைகள் விரைவில் தேயக்கூடும். அத்தகைய வண்டி வைத்திருப்போர் வளையங்களை ஐயுறுமுன் வால்வுகளைச் சோதிக்கச் சொல்வது நன்று.

பணிமனைக்காரரை ஐயுற வேண்டும் என்று நாம் கூறவில்லை. எவ்வளவு கசிகிறது, எவ்வழியே கசிகிறது என்னும் இரண்டு வினாக்களை மட்டும் அவரிடம் கேட்போம். இவற்றை இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ கேட்க நாலைந்து சொற்களே போதும். அவர் சோதிக்கும்போது நாமும் அருகில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிப்பதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.